நானூற்று ஆறு இக்கரை

வரும் திங்கள்கிழமையிலிருந்து தான் வீட்டில் படுக்கப்போவதில்லை என்ற செய்தி படகோட்டிக்கு டிக்கெட் ஜன்னலில்தான் கிடைத்தது. பசை காயாத ஒரு தாள். ஒட்டியவன் நேராகக்கூட ஒட்டவில்லை. ஒரு மனிதனை அவன் கட்டிலிலிருந்து பிரிக்கிற காகிதத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி ஒட்டியிருக்கலாம்.

"கடைசிப் படகு இனி இரவில் மண்டிப் படித்துறையில் நிறுத்தப்படும். பொதுமக்களின் பெருவாரியான விருப்பத்தின்படி." டிக்கெட் கிழிக்கிற அக்கா உரக்கப் படித்தாள். நல்ல செய்தியை ஒரே மூச்சில் படித்துவிடுவாள். கெட்ட செய்தியாக இருந்தால் சொல் சொல்லாக நிறுத்திப் படிப்பாள். "நானூத்தி ஆறு பேர் கேட்டிருக்காங்களாம் அண்ணே. மாத்திச் சொன்னவங்க ஒரே ஒருத்தராம்."

"நானூத்தி ஏழு காகிதமும் நான் வாங்கிப் போட்டது. அதுல பாதிக்கு மேல நம்ம பக்கத்து ஆளுங்க. அவங்க எப்படி மண்டிக் கரைய கேப்பாங்க?"

"என்னைக் கேட்டா? நான் கிழிக்கிறவ. ஒட்டுறவ இல்ல."

அந்த ஆற்றுக்கு ஒரு பக்கம் சாயப்பட்டறைகள், இன்னொரு பக்கம் மண்டிகள். சாயப்பட்டறைக் கரையில் நூல் நனைப்பவர்களும், காய வைப்பவர்களும், மூடிப்போன மில்லின் புகைபோக்கியும், ரயில் நிலையமும் இருந்தன. கரையோரத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அந்த வருஷம் எந்த நிறத் துணி விற்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த வருஷம் அரக்கு. மண்டிக் கரையில் தானியமும் மிளகாயும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அங்கே ஒரு மணிக்கூண்டு எப்போதும் நாலு பத்து காட்டிக்கொண்டு நின்றது. நீர்வழி அலுவலகம் அதன் பின்னால். நடு ஆற்றில், இடிந்த பழைய பாலத்தின் ஒற்றைத் தூண். அதன் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து, துணிக்கடைப் பையன்கள் சேலையைக் காட்டுவதுபோல, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதுப் பாலம் பதினொரு கிலோமீட்டர் தள்ளி. அதன் வழியாக வரும் பேருந்து மாலை ஏழு மணியோடு நின்றுவிடும்.

பத்தொன்பது வருஷமாகக் கடைசிப் படகு எட்டு மணிக்குச் சாயப்பட்டறைக் கரைக்கு வந்து, அங்கேயே கட்டப்பட்டு, காலை ஐந்தரைக்கு அங்கிருந்தே கிளம்பியது. இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. படகோட்டியின் வீடு அந்தக் கரையில் இருந்தது, அவ்வளவுதான். மண்டிக்காரர்களுக்கு இதில் குறை இருந்தது, நியாயமான குறைதான். விடிகாலை ரயிலைப் பிடிக்க அவர்கள்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். படகு அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ரயிலின் வால் விளக்குதான் தெரியும். அவர்கள் மனு போட்டார்கள். இவர்கள் எதிர்மனு போட்டார்கள். அலுவலகம் இரண்டையும் கிடப்பில் போட்டுவிட்டு, மக்களையே கேட்டுவிடுவோம் என்று ஒரு படிவம் அச்சடித்தது. பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஒரே கேள்வி: கடைசிப் படகு எந்தக் கரையில் நிற்க வேண்டும்? கீழே ஒரு கோடு.

படிவங்களைப் போட ஒரு தகரப் பெட்டி. அதைப் படகிலேயே, இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று வாரம் படகோட்டி ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பெட்டி மூடியுமாக ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தார். நிறைந்ததும் சணலால் ஒரே கட்டாகக் கட்டி அலுவலகத்தில் கொடுத்தார்.

தகராறு அங்கேதான் இருந்திருக்கிறது என்று இப்போது, கோணலாக ஒட்டிய தாளைப் பார்த்தபோது, அவருக்குப் புரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் கரைக்குப் பெயர் சொல்வதில்லை. வரைபடத்தில் வடகரை, தென்கரை என்று இருந்தது. ஆறு அந்த இடத்தில் வளைந்து திரும்புவதால் வடக்கு எது என்று சூரியனைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்லும். எனவே எல்லோருக்கும், தான் நிற்பது இக்கரை, எதிரே தெரிவது அக்கரை. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள். அலுவலகத்தில் மண்டிக் கரையில் உட்கார்ந்துகொண்டு எண்ணினார்கள். எண்ணியவர்களுக்கு இக்கரை என்றால் அவர்கள் நாற்காலி இருக்கும் கரைதான்.

படகோட்டிக்கு இது தோன்றாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவருக்குப் படகு எந்தப் பக்கம் மூக்கை வைத்திருக்கிறதோ அது அக்கரை. ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை அது மாறும்.

"இப்ப என்னண்ணே பண்ணப் போறீங்க?" என்றாள் டிக்கெட் அக்கா.

"போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க. இல்லாட்டி உங்க மச்சான் வீட்டு மாடியில வெங்காயத்தோட வெங்காயமா உருள வேண்டியதுதான்."

அவர் மனைவியின் தம்பிக்கு மண்டிக் கரையில் வெங்காயக் கிடங்கு, மேலே வீடு. நல்ல மனிதன். ஒரு வாய் வார்த்தை கேட்டால் பதினேழு வார்த்தை தருவான், கொசுறாக மூன்று. ஐம்பத்தேழு வயதில், இடுப்பு வலியோடு, அந்தப் பேச்சுக்கு நடுவில் தினமும் தூங்கப் போவதை நினைத்தாலே படகோட்டிக்குக் கண் எரிந்தது.

மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை படகு ஓடாமல் மண்டிக் கரையில் நிற்கும். அந்த நேரத்தில் அவர் அலுவலகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் இன்னொரு காலை அமுக்கிக்கொண்டிருந்தார். அவரும் களைத்த மனிதர்தான். அந்த அறையில் மின்விசிறி ஒன்றுதான் வேலை செய்ய ஆசைப்பட்டது. அதையும் காகிதம் பறக்கிறது என்று நிறுத்தியிருந்தார்கள்.

படகோட்டி சொன்னதைக் கேட்டதும் அவர் கால் அமுக்குவதை நிறுத்தினார்.

"மூணு வாரம் பெட்டி உங்க கையில. எந்தக் கரையில வாங்கினதுன்னு ஓரத்துல ஒரு புள்ளி வச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க எண்ணும்போது, நானூத்தி ஆறு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்காங்களேன்னு ஒரு சந்தேகம் வந்திருக்கக் கூடாதா சார்?"

"வந்துச்சு. ஜனங்க ஒத்துமையா இருக்காங்கன்னு நெனச்சேன்." அவர் பெருமூச்சு விட்டார். "தப்புத்தான். சாயங்காலத்துக்குள்ள மேல அனுப்பணும். கட்டு அந்த அலமாரியில இருக்கு. யாரு எந்தக் கரைன்னு உங்களால பிரிச்சுக் காட்ட முடியுமா? எது அதிகமோ அதுல நிறுத்தறேன். நோட்டீஸ கிழிச்சிட்டு வேற ஒட்டச் சொல்றேன்."

"பேரே இல்லாத காகிதத்தையா?"

"உங்களுக்குத் தெரியாத மூஞ்சி இந்த ஆத்துல உண்டா?"

மூஞ்சி தெரியும். காகிதத்துக்கு மூஞ்சி உண்டா என்று பார்க்க அவர் தரையில் உட்கார்ந்தார். பிரித்துப் பார்த்தால், உண்டு. சாயப்பட்டறை ஆட்கள் கை பட்ட காகிதத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் அரக்கு ரேகை இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கிற சாயம். மண்டி ஆட்களின் காகிதம் பொட்டலம் மடிக்கிற மாதிரி முக்கோணமாகச் செருகி மடிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு வேறு விதமாகக் காகிதத்தை மடிக்கத் தெரியாது. மிளகாய் மண்டிக்காரர்களுடையதைப் பிரிக்கவே வேண்டாம், தும்மல் சொல்லிவிடும். ரயில்வே ஆட்கள் பச்சைப் பேனா. சலவைக்காரர் எழுதியதில் மடிப்பு விளிம்பு கத்தி மாதிரி இருந்தது.

கண்காணிப்பாளரும் கொஞ்ச நேரத்தில் நாற்காலியை விட்டு இறங்கி எதிரே சம்மணம் போட்டார். அவர் வீடும் மண்டிக் கரையில்தான். மகளுக்கு விடிகாலை ரயிலில் கல்லூரி. அதைச் சொல்லவும் செய்தார், சொல்லிவிட்டு, "அதுக்காக நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், நீங்க பிரிங்க," என்றார்.

இரண்டேகால் மணிக்கு முடிந்தது. சாயப்பட்டறைக் கரை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மண்டிக் கரை நூற்றுத் தொண்ணூற்றேழு. எந்த அடையாளமும் இல்லாத பதினொன்று தனியாகக் கிடந்தன.

"பதினொண்ணையும் கழிச்சிடலாம் சார். ஒண்ணு அதிகம். எங்க பக்கம்."

"கழிக்கறதாவது. பொதுமக்கள் கருத்துய்யா அது. பாதிப் பாதி."

"பதினொண்ணுல பாதி ஏது? எங்களுக்கு ஆறு, உங்களுக்கு அஞ்சு."

"ஏன், எங்களுக்கு ஆறு குடுத்தா படகு முழுகிடுமா? இந்தா பாருங்க, இந்தக் காகிதம் சுத்தமா இருக்கு. உங்க பக்கத்து ஆளுக்கு இவ்வளவு சுத்தமான கை ஏது?"

"எங்க பக்கம் பள்ளிக்கூட டீச்சர் இருக்காங்க சார். உங்க பக்கத்துல கொட்டை எழுத்துல எழுதுற ஆள் யாரு? எல்லாம் கல்லாவுல உக்காந்து கிறுக்கற கையி."

"சரி, அத நீங்க எடுத்துக்குங்க. இது எனக்கு. ஒரு ஓரத்துல லேசா மஞ்சள் தெரியுது."

"அது பசை சார்."

"மஞ்சள்னு வச்சுக்குவோம்."

இப்படி ஒன்றொன்றாகப் போனது. கடைசியில் ஒன்று மிஞ்சியபோது கண்காணிப்பாளர், "நான் உங்களுக்காகத் தரையில உக்காந்திருக்கேன்," என்றார். அதையும் அவரே எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆறு, இவருக்கு ஐந்து. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் இருநூற்று மூன்று.

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலை பேசிப் பேசி வந்த இடத்துக்கே வந்து நின்ற இரண்டு பேர் வேறு எதைப் பார்ப்பார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்று கண்காணிப்பாளர் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தார். "அந்த மாத்தி எழுதின ஆள். தனியா எடுத்து வச்சேன். அக்கரைன்னு எழுதியிருக்கு. வல்லின றை போட்டிருந்தா, படகு மேல அக்கறைன்னு வாசிச்சிட்டு விட்டிருப்பேன். சரியா இடையின ரை போட்டிருக்கு. நானூத்தி ஏழு பேருல தன் சௌகரியத்தப் பாக்காம எதிர்க்கரைக்குக் குடுங்கன்னு சொன்ன ஒரே ஆள். யாருன்னு மட்டும் சொல்லுங்க. உங்க பக்கத்து ஆளுன்னா ஓட்டு எங்களுக்கு. எங்க பக்கத்து ஆளுன்னா உங்களுக்கு."

காகிதம் படகோட்டியின் கைக்கு வந்தது.

கத்தரிப்பூ நிற மை. கொதிக்கிற சாயத்தில் மூழ்கி எழுந்தாலும் அழியாத மை. சாயப்பட்டறைக்குப் போகிற ஒவ்வொரு நூல் கட்டிலும் துணிச் சீட்டு ஒன்று தொங்கும். அதில் கட்டின் எண்ணையும் நிறத்தையும் இந்த மையால்தான் எழுதுவார்கள். ரை என்ற எழுத்தின் முன்னால் இருந்த இரண்டு சுழி, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, கலைந்த கொண்டை மாதிரி இருந்தது. அந்தச் சுழியை அவர் முப்பத்தோரு வருஷமாகத் தன் வீட்டுத் தரையில் பார்த்து வருகிறார். சீட்டு எழுதுவது அவர் மனைவியின் வேலை. மடித்த இந்தக் காகிதத்தை, சாப்பாட்டுத் தூக்கோடு, "இதையும் போட்டுடுங்க," என்று அவளே கொடுத்தாள். அவரும் பிரித்துப் பார்க்காமல் போட்டார்.

அவர் திருப்பித் திருப்பி வாசித்தார். வேறு மாதிரி வாசிக்க அதில் இடமில்லை. அக்கரை.

"தெரியலையா?" என்றார் கண்காணிப்பாளர்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மண்டி ஆள் என்று சொல்லியிருக்கலாம். பசையை மஞ்சள் என்று வைத்துக்கொண்ட அறையில் அது ஒரு பெரிய பொய் இல்லை. ஆனால் அவருக்கு அந்த நிமிஷம் படகு ஞாபகமே இல்லை. இரவு எட்டரைக்கு வீட்டுக்குள் நுழையும்போது அவள் மூக்கைச் சுளித்து "டீசல்" என்பது ஞாபகம் வந்தது. அவர் குறட்டைக்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வது ஞாபகம் வந்தது. தினமும் நடப்பதுதான், அவர் அதைப் பேச்சுவாக்கில் போகிற சங்கதி என்று நினைத்திருந்தார். அவள் எழுதியே கொடுத்திருக்கிறாள், அழியாத மையில்.

"எங்க பக்கத்து ஆளுதான் சார்," என்றார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கண்காணிப்பாளர் ஒரு தாளில் நாலு வரி எழுதி நீட்டினார். தான் முன்னின்று பிரித்தது சரியே என்று படகோட்டி அதில் கையெழுத்துப் போட்டார். மூன்று மணிப் படகுக்கு மூன்று நிமிஷம் தாமதமாகப் போனார். டிக்கெட் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தது அந்த வருஷத்தில் அதுவே முதல் தடவை.

இரவு வீட்டில் அவள் தரையில் சீட்டுகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் அவற்றை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போய்க் கை கழுவினார். சாப்பிட்டார். அவள் "டீசல்" என்றாள். அவர் "ம்," என்றார். மூன்று நாள் இப்படியே போனது. திங்கள் முதல் அவள் தம்பி வீட்டில்தான் படுக்கை என்பதை மட்டும் சொல்லியிருந்தார். அவள், "அநியாயமா இருக்கே. யாரு இப்படிப் பண்ணது?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர் படுத்தபடி யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை படகு அரைநாள்தான். சாயங்காலம் அவள் அவருக்குப் போர்வையும் மாற்றுத்துணியும் மடித்து வைத்தாள். அவள் அக்கறையாக மடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"நடிக்காத. நீ கேட்டபடிதான நடந்திருக்கு."

"நான் என்ன கேட்டேன்?"

"கடைசிப் படகு அக்கரையில நிக்கட்டும்னு நீதான எழுதிக் குடுத்த?"

"ஆமா, எழுதினேன். எங்க நின்னுச்சு? நின்னிருந்தா நீங்க எதுக்கு என் தம்பி வீட்டுக்குப் போறீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் தப்புச் செய்தவர்களுக்கு இருக்கிற எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "அக்கரைன்னா எது?"

"இதென்ன கேள்வி. இதுதான்." அவள் தரையைக் காட்டினாள். சீட்டுகள், மைக் கிண்ணம், கட்டில் கால். "நாம இருக்கறது."

"நாம இருக்கறது இக்கரை."

"அது உங்களுக்கு. நீங்க இங்க பொறந்தவரு. எனக்கு எங்க அம்மா வீடு இருக்கற மண்டிக் கரைதான் இக்கரை. பொண்ண அக்கரையில குடுத்திருக்கோம், அக்கரையில குடுத்திருக்கோம்னு அவ சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. வேற எப்படி எழுதறது?"

"முப்பத்தோரு வருஷமாச்சே. ஒரு நாள்கூட உன் வாயில இது அக்கரைன்னு நான் கேட்டதில்லையே."

"எப்படிச் சொல்றது? உங்க அம்மா இருந்த வீட்டுல, இது எனக்கு அக்கரைன்னு சொல்லிட்டு உக்காந்திருக்க முடியுமா? நம்ம வீடுன்னு சொல்லுவேன், இங்கன்னு சொல்லுவேன். ஒத்தச் சொல்லா எழுதச் சொன்னாங்க. எழுதும்போது மனசுல இருக்கறதுதான வரும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வலித்தது, ஆனால் அதற்காக அல்ல. பிறகு நடந்ததைச் சொன்னார்: இருநூற்று மூன்று, இருநூற்று மூன்று, அவள் காகிதம், யார் எழுதியது என்று கேட்டதும் அவர் சொன்ன பதில். அவள் பேனாவை மூடாமலே கேட்டாள். ஒரு சொட்டு மை சீட்டில் விழுந்து பரவியது.

"நான் உங்கள வராதீங்கன்னு எழுதினேன்னு நெனச்சீங்களா?"

அவர் கட்டில் சட்டத்தை நகத்தால் சுரண்டினார்.

"மூணு நாளா அப்படி நெனச்சிட்டா சாப்பிட்டீங்க?"

"பசிச்சுது."

"நாளைக்குப் போய் அந்த ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு? கையெழுத்துப் போட்டுட்டேன். எழுதின ஆளக் கூட்டிட்டு வாங்கம்பாரு. நீ வந்து சொல்றியா, பட்டறை ஜனம் பூரா படகேறி வந்து ஜன்னல்ல எட்டிப் பாக்கறப்ப, நான் இருக்கற வீடு எனக்கு அக்கரைன்னு?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், படகையும் ரயிலையும் தம்பியின் பேச்சையும் தராசில் வைத்துப் பார்க்கிற மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"மாட்டேன்," என்றாள்.

"அதான்."

"ரிட்டயராக இன்னும் எத்தன வருஷம் உங்களுக்கு?"

"ஒண்ணே முக்கால்."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் வந்துடுவீங்க."

"வருவேன். திங்கக்கிழம விடிகாலை மட்டும் எப்படிப் போறதுன்னு தெரியல. ஞாயிறு சாயங்காலமே பஸ்ஸுல போய்ப் படுக்கணும்."

"அப்ப வர்றது சாப்பிட்டுட்டுப் போறதுக்கு."

"அப்படித்தான்."

அவள் எழுந்து கட்டிலுக்கு வந்தாள். வீட்டில் இருந்த இரண்டு தலையணையில் ஒன்று பஞ்சு செத்து, உள்ளே கட்டி தட்டிப் போனது. மற்றது நல்லது. நல்லதை எடுத்து மூட்டைக்குள் வைத்தாள். அவர் அதை வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டார். அவள் மறுபடியும் உள்ளே வைத்தாள்.

"அத வச்சிட்டு நீ எதுல படுப்ப?" என்றார் அவர். "இது கல்லு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். நீங்க எடுத்துட்டுப் போங்க," என்று அவள் முடிச்சை இறுக்கினாள். "நான் என்ன, தூங்கவா போறேன்."